அகராதி சொன்ன தப்புப் பெயர்

பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தெருவில் ‘அகராதி’ என்று பெயர். பாதி பாராட்டு, பாதி கிண்டல். துருப்பிடித்த எதை நீட்டினாலும் திருப்பிப் பார்த்து, இது பீப்பாய்க்கு வளையம் இறுக்குவது, இது லாடத்தில் ஆணி பிடுங்குவது என்று சட்டென்று சொல்லிவிடுவார். தெரியாது என்று அவர் சொல்லி மனைவிகூடக் கேட்டதில்லை.

வெளியூரிலிருந்து வந்து, இறந்துபோன அப்பாவின் அறையைக் காலிசெய்த பெண் ஒருத்தி ஒரு நாள் கடைக்கு வந்தாள். கையில் கீல் வைத்த இரட்டைத் தகடு. மேல் தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். இடையில் ஒரு தாள் மாட்டியிருந்தது. கூடவே மரக்குமிழ் வைத்த ஊசி, புள்ளி புள்ளியாகப் புடைத்த தடித்த தாள்கள் ஒரு கட்டு.

“இது என்னண்ணே?”

அவர் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. “அப்பா என்ன வேலை பாத்தாரு?”

“தோல் பை தைப்பாரு.”

“அப்போ தையலுக்கு அடையாளம் குத்துற தகடும்மா. தாளெல்லாம் குத்திப் பாத்தது. வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

அவள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். காகிதக்கட்டு அன்றைக்கே காகித ஆலை வண்டியில் ஏறியது. தகட்டையும் ஊசியையும் மட்டும், மாட்டியிருந்த தாளோடு அப்படியே, அவர் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையில், பக்கத்து நாற்காலியில் பார்வையில்லாத டீச்சர் ஒருவர் அதே போன்ற தகட்டை மடியில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

“எழுதறேங்க.”

அகராதி அவரிடம் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளே தகட்டோடு டீச்சர் வீட்டுக்குப் போனார். மாட்டியிருந்த தாளை டீச்சர் விரலால் தடவிப் படித்தார்: “பாப்பா, இது முப்பத்தஞ்சாவது தாள். கண்ணு போனப்புறம் கத்துக்கிட்டது, தப்பிருக்கும். உங்கம்மாவை முதல்ல பாத்த கதைக்கு இப்பத்தான் வந்திருக்கேன்.” அதோடு நின்றிருந்தது.

ஆலையில் விசாரித்தார். எல்லாம் எப்போதோ கூழாகியிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“தெரியலைன்னு சொல்லியிருந்தா குடியா முழுகியிருக்கும்?” என்றாள் மனைவி.

அந்தப் பெண்ணின் அப்பா குடியிருந்த இடத்தில் முகவரி வாங்கி, பஸ் ஏறி அவள் ஊருக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். “எனக்குத் தெரியலம்மா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல.”

அவள் தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். “அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நானாவது சொல்லியிருக்கலாம்.”

“கேக்காதது என் தப்பும்மா.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் டீச்சரின் முகவரியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு தகட்டையும் ஊசியையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.