ஈர்க்கு நீளத்தில் அக்காவின் மூக்கு

என்னுடைய முதல் லென்ஸ் நாறியது. கப்பல் எண்ணெயும் கரப்பொத்தான் எச்சமும் கலந்த அந்த நாற்றம் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கண்ணாடிக்குள்ளே யாரோ காறித் துப்பிக் காயவிட்டதுபோல் பூஞ்சணம் வேர்விட்டிருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்போது கழித்துவிட்ட சாமான்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழைய இரும்புக்கடையில் இருபது வருஷத்துக்குப் பிறகும் தோண்டித் தோண்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். உடைந்த தொலைநோக்கியொன்றிலிருந்து கழன்ற அந்தக் கண்ணாடியை, "கொண்டு போ தம்பி, இங்க கிடந்தா எலிதான் உருட்டும்" என்று கடைக்கார நானா சும்மா தந்தார். சும்மா கிடைத்த குப்பையை விஞ்ஞானம் என்று நம்புகிற வயது எனக்கு.

அப்பாவின் பெட்டிக் கமராவுக்குக் கிட்ட இருப்பது துலங்காது. அதன் வாயில் அந்த லென்ஸைச் சைக்கிள் ரியூப் துண்டால் கட்டி, பிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து எண்ணெய்க் கடதாசி ஒட்டி, எந்தத் தூரத்தில் உருவம் துலங்குகிறதோ அந்தத் தூரத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கை முறித்து வைத்துக்கொண்டேன். ஈர்க்கின் ஒரு நுனி கமராவிலும் மறுநுனி பொருளிலும் முட்டினால் படம் சரி. ஆனால் உயிருள்ள எதுவும் ஈர்க்குக் குத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்பதில்லை. பூவென்றால் கடற்காற்று அதை ஒரு கணம் சும்மா விடாது. ஆகவே என் கலை செத்தவற்றை நம்பியே வளர்ந்தது: கருவாட்டின் கண், அந்தக் கண்ணில் மொய்க்க வந்து அங்கேயே ஒட்டிச் செத்த இலையான், பிறகு மத்தியான நித்திரையில் அப்பாவின் கால் பெருவிரல் நகம். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி வெளிச்சம் அடிப்பது அக்காவின் வேலை. மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, உன்ர கமராவுக்கு வாந்தி வராதோடா?" என்பாள்.

அம்மா அந்தக் கருவாட்டுப் படத்தைக் கண்ட நாளோடு எங்கள் குசினியில் கருவாடு நின்றுபோனது. அப்பா தன் நகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தீவு?" என்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அந்த வருஷம்தான் அக்காவுக்குச் சம்மந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை; அன்புவழிபுரத்து வீட்டைச் சீதனமாக அக்கா பேரில் எழுதுவதென்று பேச்சு முடிந்திருந்தது. அக்காவுக்கோ ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது, "படிச்சு என்ன செய்யப்போறா?" என்று கேட்டார்களாம் மாப்பிள்ளை வீட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. ஒருநாள் கொல்லையில் கதிரையைப் போட்டு வெயிலில் இருந்தவள், "டேய், அந்த இலையானை எடுத்த மாதிரி என்னை எடு" என்றாள். ஈர்க்கை அவள் மூக்கில் முட்டவைத்தேன். இமைகூட வெட்டவில்லை.

கழுவி வந்த படத்தில் மூக்கும் மேலுதடும் மட்டும் இருந்தன: கறையான் அரித்த பலகைபோல் தோல் துவாரங்கள், பூனைமயிர், மஞ்சள் முனை கட்டிய ஒரு பரு, எல்லாவற்றையும் சுற்றித் தேமல்போல் லென்ஸின் பூஞ்சணம். இலையானுக்கே கலங்காத நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். பவுடர் பூசி ஸ்டூடியோவில் எடுத்த நல்ல படத்தை, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவென்று உறையில் வைத்து ஒட்டச் சொல்லி அப்பா அக்காவிடம் கொடுத்தபோது, இதையும் கூட வைத்து ஒட்டிவிட்டாள்.

உறையைக் கொண்டுபோன கலியாணத் தரகர் திரும்பி வந்தார். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "பிள்ளைக்குத் தோல் வருத்தம் எண்டு அவையளுக்கு விளங்கீட்டுது. ஆனாலும் பெரிய மனசுக்காரர். உங்கட பாலையூற்றுக் காணியையும் சேர்த்து எழுதினா, முகத்தைப் பார்க்கமாட்டினமாம்" என்று படத்தை மேசையில் வைத்தார்.

அப்பா அதை எடுத்து எட்டவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார். "இது ஆற்ர மூக்கு?"

"என்ர தான் அப்பா" என்றாள் குசினி வாசலில் நின்ற அக்கா.

அம்மா "என்ர மாதாவே" என்றாள். அடி நிச்சயம் என்று நான் முதுகைத் தயார்படுத்திக்கொண்டேன். அப்பா தரகரைப் பார்த்தார். அழுகிய மீனைக் கண்டால் அவருக்கு அப்படித்தான் முகம் போகும். "என்ர பிள்ளையின்ர மூக்கை இவ்வளவு கிட்டப் பார்த்தும் எனக்கு அருவருப்பில்லை, ஐயா. உங்கட ஆக்களை எட்ட வைச்சுப் பார்க்கவே ஏலாமக் கிடக்கு."

தேத்தண்ணி பாதியில் நின்றது. அக்கா கலாசாலைக்குப் போனாள். எனக்கு விழவேண்டிய அடி பிறகு விழுந்தது, அந்தத் தீவு தன் கால் நகமென்று அப்பா கண்டுபிடித்த அன்று.

இன்று இரும்புக்கடை இல்லை, ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள், அப்பாவும் இல்லை. கைபேசி எவ்வளவு கிட்டவும் எடுக்கிறது, எடுத்த கையோடு தோலைத் தானே வழித்தும் விடுகிறது. காலையில் அதைத் திறந்தால் அவித்து உரித்த முட்டைகள் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகின்றன. கருவாட்டுக் கண் இதைவிட மேல். போன கிழமை அக்காவின் மகளுக்கு ஒரு மாப்பிள்ளைப் படம் அப்படித்தான் வந்தது. இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெருப்பித்துப் பார்த்தும் முட்டைதான் பெருத்ததாம். உடனே அக்கா என்னைக் கைபேசியில் அழைத்தாள்.

"தம்பி, அந்த நாறல் கண்ணாடி கிடக்கோ?"

"கிடக்கு அக்கா. பூஞ்சணம் முழுக்க மூடீட்டுது. இனி ஒண்டும் தெரியாது."

"அப்ப ஈர்க்கையெண்டாலும் முறிச்சுக்கொண்டு வா. நேரில போய் அவன்ர மூக்கில குத்திப் பார்ப்பம்."