வாய் குவிந்தால் ஆபத்து

மெல்போர்னின் கிளேட்டன் நூலகம். உக்ரைனின் கார்கிவிலிருந்து வந்த ஒக்சானாவுக்குச் சற்று நேரத்தில் மடிக்கணினி வழியாகப் பல்கலைக்கழக நேர்காணல். போரில் பள்ளி இடிந்துபோனதால் அவளிடம் இறுதித் தேர்வு மதிப்பெண்கள் இல்லை. நர்சிங் இடம் கிடைப்பது இந்தப் பேச்சைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பயிற்சி தருபவர் யாழ்ப்பாணத்து வாசுகி. ஆங்கிலத்தில் கேட்கிறார்: "நோயாளிகளோடு பழகப் பிடிக்குமா?"

"ஓம்," என்கிறாள் ஒக்சானா.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உதவிக்கு உட்கார்ந்திருக்கும் நான் சிரித்துவிடுகிறேன். அவள் விழிக்கிறாள். வாசுகி வீட்டில் ஒரு வருடமாகச் சாப்பிட்டுப் படிப்பவள், அதை ஆஸ்திரேலிய ஆங்கிலம் என்றே நினைத்திருக்கிறாள்.

"அது யாழ்ப்பாணத் தமிழ்மா, 'யெஸ்'னு அர்த்தம். நாங்க 'ஆமா'ன்னு சொல்வோம்," என்று நானும் பாடம் எடுக்கிறேன்.

"நீங்கள் வேற பிள்ளையைக் குழப்பாதேங்கோ!" என்கிறார் வாசுகி.

ஒக்சானா கண்ணாடி அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறாள். பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை.

"'ஓம்' எண்டு வாய் குவியுதோ பாருங்கோ," என்று வாசுகி என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

முதல் கேள்விக்கே வாய் வட்டமாகக் குவிகிறது.

"ஐயோ, சொல்லிப்போட்டாள்!"

"இல்லைங்க, பேரைச் சொல்றா."

அடுத்த கேள்விக்குப் பல் தெரிகிறது; 'யெஸ்'தான். வாசுகி என் கையை விடுகிறார். அதற்கடுத்த கேள்விக்கு ஒக்சானா நிறுத்தாமல் பேசுகிறாள். அவள் கைகள் காற்றில் எதையோ சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுகின்றன.

"குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள ஒளிச்சிருக்கேக்க ஆருக்கோ காயத்துக்குக் கட்டினதைச் சொல்லுறாள்," என்கிறார் வாசுகி.

அவர் இப்போது அவள் வாயைப் பார்க்கவில்லை, கைகளையே பார்க்கிறார்.