ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரு புறக்கணிப்பு

இலங்கையில் போர் முடிந்தபின் வடக்கில் நடந்த முதல் மாகாணத் தேர்தல் என்றாலே எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பாவம், தேர்தல் என்ன செய்தது? அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டு ஹாலை நினைத்துத்தான் குமட்டல்.

இங்கே வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். அங்கே சனிக்கிழமை விடிந்து, ஓட்டுப் போடும் நாள். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்கு நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்காரர் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரிய மனிதர். கோயம்புத்தூர்க்காரர். இலங்கையை மேப்பில் பார்த்ததோடு சரி. வடையைச் சட்னியில் தோய்த்தபடி, இது வெறும் நாடகம், ஒரு தமிழன்கூட ஓட்டுப் போடக் கூடாது என்று வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அவருக்கு ஓட்டு இருக்கிறது. லைனில் நிற்க யாரால் முடியும் என்று ஒருமுறைகூடப் போட்டதில்லை.

என் பக்கத்தில் வன்னி அக்கா. இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வந்து எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். அவருடைய தங்கை இன்னும் ஊரில். அவளுடைய ஒரே மகன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். ஜெயித்து வருகிறவரிடம் போய் மகனைக் கேட்கலாம், ஓட்டுப் போட்டவள் என்ற உரிமையோடு கேட்கலாம் என்று அன்றைக்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"போன் போடுங்க, நான் பேசறேன்" என்றார் பெரிய மனிதர். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருப்பவர்களுக்குத் தேர்தல் உத்தரவு போடுவார்கள். அக்கா தங்கையின் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள். உலகமே பார்க்கிறது, ஓட்டுப் போட்டால் செத்தவர்களுக்குத் துரோகம் என்று அவர் முழங்க, ஹாலில் கைதட்டல் வேறு.

"அப்ப என்ர பிள்ளையை ஆரிட்டக் கேக்கிறது, அண்ணா?" என்றாள் தங்கை ஸ்பீக்கரில்.

அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று போனை அக்காவிடம் நீட்டிவிட்டு இன்னொரு வடையை எடுத்தார். அவள் போகவில்லை. அமெரிக்காவில் இருந்து சொல்கிறார்களே, காரணம் இருக்கும் என்று நம்பிவிட்டாள். அவள் ஊரே திரண்டு போய் ஓட்டுப் போட்டது.

சில மாதம் கழித்து, ஜெயித்தவர்களில் ஒருவர் நியூ ஜெர்சிக்கு வந்தார். பள்ளிக்கூட அரங்கம் ஒன்றில் வரவேற்பு. மேடையேறிப் பொன்னாடை போர்த்தியது யார் என்கிறீர்கள்? அதே மனிதர்தான். ஜனநாயகத்துக்குக் கிடைத்த வெற்றியாம். மைக்கில் கூசாமல் சொல்லிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நான் எழுந்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். காலையில் தங்கை போன் பண்ணினாளாம். ஜெயித்தவர் இங்கே வருவது அவளுக்குத் தெரியுமாம்.

"மகனைப் பற்றி அவரிட்ட ஒருக்காக் கேக்கட்டாம்" என்றார் அக்கா. "ஆனா தான் வோட்டுப் போடேல்லையே, கேக்கலாமோ எண்டு கேக்கிறாள்."