இரண்டு கையெழுத்துகள்

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து, பெண்கள் மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லெறிந்து கொல்லும் தண்டனையை எதிர்த்ததற்காக வெளிநாடொன்றில் சிறையிலிருந்த பெண்களை விடுவிக்கச் சொல்லி நான் கையெழுத்துக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். விளக்கிச் சொன்னால் போதும் என்று நம்பினேன்.

"ஐயோ, கல்லாலையோ? பாவங்கள்! தா பிள்ளை, வைக்கிறன்," என்று பிலோமினா மாமி எழுந்து வந்தார்.

அதற்குள் ஜெயந்தி அக்கா முதலாவதாகக் கையெழுத்திட்டு, பேனாவை மாமியிடம் நீட்டினார். அக்கா, அடித்த புருசனை விட்டு வந்து நகரின் சீசா பகுதியில் தனியாக இருப்பவர்.

மாமி பேனாவை வாங்கவில்லை. "புருசனை விட்டவளின்ரை பேருக்குக் கீழையோ? வேறை தாள் எடு பிள்ளை, எல்லாரும் வைக்கிறம்."

அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வேறை தாளே எடு தங்கச்சி. சிறைக்குள்ளை கிடக்கிறவைக்குப் பேர் வேணுமெல்லே."

"வைக்கிறதெண்டால் இதிலை வையுங்கோ மாமி," என்றேன்.

ஒருவரும் வைக்கவில்லை. அக்காவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி அனுப்பினேன்.

அந்தப் பெண்கள் விடுதலையானதாக நான் கேள்விப்படவேயில்லை. அக்காவும் பிறகு பூசைக்கு வரவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் போனது இரண்டு கையெழுத்துகள்தான்.