மூன்றாவது ஆள்

கல்பாக்கத்தில் வேலை பார்த்தபோது பழைய கார் ஒன்று வாங்கினேன். மாமல்லபுரத்தில் அதைப் பின்னால் எடுக்கையில் ஒரு டீக்கடைச் சுவரை இடித்துவிட்டேன். சுவர் சரிந்தது, காரின் பின்பக்கமும் நசுங்கியது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் பாலிசியைப் புரட்டினார். “உங்களுது தேர்டு பார்ட்டி சார். செவுத்துக்குக் கெடைக்கும், உங்க காருக்குக் கெடைக்காது.”

பணம் கட்டியவன் நான்தானே என்று கேட்டேன்.

“நீங்க மொத ஆளு, கம்பெனி ரெண்டாவது. டீக்கடைக்காரருதான் மூணாவது. ரெண்டுக்கும் வேணும்னா காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருக்கணும்.”

முன்பின் தெரியாத ஒருவருக்காகவா இத்தனை நாள் கட்டினேன்? ஆச்சரியத்தோடு, அன்றுதான் பாலிசியை முழுதாகப் படித்தேன்.

சில மாதம் கழித்து டீக்கடைக்காரர் புதுச் சுவரைக் காட்டினார். “இன்னா சார், உங்க வண்டி மட்டும் அப்படியே கீது?”

அவருக்கும் அதை விளக்கினேன். நம்பாமல் சிரித்தார்.