கழுவாத வண்டி

கல்யாணமான புதிதில், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா ஏன் அவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஒருநாள் சலவைக்கடை வேலை முடிந்து முன்னதாகவே வந்தவள், வீட்டுக்காரர் அந்த டப்பாவை உள்ளங்கை அகலப் பொம்மை ராணுவ டாங்கியின் மேல் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அடியில் துரு நிறம், அதன்மேல் ஸ்பிரே, அதற்கும் மேலே பச்சை பெயிண்ட். காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை திட்டுத்திட்டாக உரிந்து அடியிலுள்ள துரு எட்டிப் பார்க்குமாம். இவ்வளவையும் விளக்கிவிட்டு, நிஜமாகவே உரிந்த மாதிரி இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். இப்படி ஒரு மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

பகலில் அவருக்குக் கார் பட்டறையில் பெயிண்ட் வேலை. எவனோ சுவரில் உரசிக்கொண்டு வந்த கதவைத் தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து, கீறல் விழுந்த சுவடே தெரியாமல் ஆக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், சமையலறை ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிற பொம்மை வண்டிக்குக் கீறல் போடுவார். பட்டறையில் அவருக்குப் பெயரே 'துரு' தான். அப்படிக் கூப்பிட்டால் கோபம்கூட வராது, திரும்பிப் பார்ப்பார்.

அவளுக்கு வாய்த்ததோ கறை எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊரார் சட்டையில் இருக்கிற கறையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், வீட்டில் கறை வைப்பதையே தவமாகச் செய்கிற ஆள். டீ வடிகட்டியில் மண் சலித்திருப்பார். பாத்திரம் தேய்க்கிற பஞ்சைக் கிள்ளி, பெயிண்டில் தொட்டு, டாங்கியின் ஓரங்களில் ஒற்றியிருப்பார். அவளுடைய புது பல் பிரஷ் சக்கரத்துக்குச் சேறு தெளிக்கப் போயிருக்கும். கேட்டால் பழசு என்று நினைத்தாராம். முந்தாநாள் வாங்கின பிரஷ் எப்படிய்யா பழசாகும்?

எதைச் சொன்னாலும் அளவு என்று ஒரு பாட்டு வேறு. நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் பொம்மை, ஆகையால் நிஜத்தில் கை அகலம் இருக்கிற கீறல் இதில் கடுகளவுதான் இருக்க வேண்டும், கொஞ்சம் பெரிதானாலும் கெட்டது குடி. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளைக்கூட நிற்க வைத்து இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அதற்குப் பிறகு வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடிவிடுகிறான்.

சரி, அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். அப்பா வந்து சேர்ந்த பிறகுதான் தலைவலி பெரிதாயிற்று.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அம்மா போன பிறகு தனியாகவே இருந்து பார்த்தார். கண் மங்க ஆரம்பித்ததும் அவள்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்தாள். கண் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான், இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அதைக் கேட்டு ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. ஒருநாள் மாப்பிள்ளையின் மேஜைப் பக்கம் போய், ஒரு டாங்கியை முகத்தருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லாரி பண்ணுவீங்களா மாப்பிள்ளை? நான் ஓட்டினது. கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்."

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் ஒரே குசுகுசு. கேபின் எப்படி, பின்பக்கப் படுதா எப்படி, உபரிச் சக்கரம் எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்டார். எந்த மாதிரிப் பாதையில் ஓட்டினீர்கள் என்றும் கேட்டார். மலைப்பாதை, மாசக்கணக்கில் மழை, ஆற்றுக்குள் இறங்கி ஏறினது, அச்சு வரைக்கும் சேறு என்று அப்பாவும் உற்சாகமாக அளந்தார். இங்கேதான் வினை ஆரம்பித்தது. சேறு என்ற சொல் காதில் விழுந்ததும் இந்த மனுஷனுக்கு வேறு எதுவும் விழவில்லை.

லாரி சீக்கிரமே உருவாகிவிட்டது. பச்சை அடித்து மேஜையில் வைத்தபோது அவளுக்கே அழகாகத்தான் தெரிந்தது, அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். அதற்குள்ளா, இப்போதுதானே வேலையே ஆரம்பிக்கிறது என்றார். பச்சையை அங்கங்கே திட்டுத்திட்டாக உரித்துத் துருவைக் காட்டினார். ஒவ்வொரு இடுக்கிலும் ஆயில் பெயிண்டை நீர்க்கக் கரைத்து விட்டார். அது காய வாரக்கணக்கு. பிறகு சேறு, காய்ந்த சேறு ஒரு நிறம், ஈரச் சேறு இன்னொரு நிறம், இரண்டும் தனித்தனியாகக் காய வேண்டும். எப்போது கேட்டாலும் "இன்னும் காயல" என்ற ஒரே பதில். இதற்குள் அப்பாவுக்குப் பேப்பர் படிக்க முடியாமல் போயிற்று. அப்புறம் சுவர்க் கடிகாரம் போயிற்று. ஒருநாள் காலையில் காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்து முடித்தார். அன்றைக்கு அவள் மேஜை முன்னால் நின்று தொண்டை வறளக் கத்தினாள். இது காய்வதற்குள் அவர் கண் அவிந்துவிடும், அப்புறம் யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். மறுநாளே லாரி தயார் என்று வந்துவிட்டது. கத்தினால்தான் காயும் போலிருக்கிறது.

ஜன்னலோர நாற்காலியில் அப்பா அதை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே கட்டிகட்டியாக இருந்த சேற்றில் விரல் நின்றது.

"இது யார் வண்டி?"

"உங்களுதுதான் மாமா."

"என்னுது இல்ல. வண்டியக் கழுவாம நான் சோத்துல கை வச்சதே இல்ல."

அவ்வளவுதான். லாரியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அவளுக்குச் சனி. ஓடுகிற வண்டியில் சேறு இல்லாமல் இருக்குமா, உன் அப்பாவே சொன்னாரே என்று இவர் சமையலறையில் வந்து முறையிட்டார். வழியெல்லாம் சேறு என்றுதான் சொன்னேன், வண்டியில் சேறு என்று சொன்னேனா என்று அப்பா அங்கிருந்தே கேட்டார். துருப்பிடித்த வண்டியோடு நின்றிருந்தால் தனக்குத் தண்டனை கிடைத்திருக்கும் என்று வேறு சொன்னார். ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தே அவளுக்குக் கால் ஓய்ந்தது. கடைசியில் பொறுமை போய், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பிடிச்ச மாதிரி இன்னும் ஆயிரம் வண்டி பண்ணிக்கலாம். இது அப்பா பார்க்குறதுக்கு."

அவர் மேஜைப் பக்கம் போய் லாரியை எடுத்துக்கொண்டு வந்து தொட்டி ஓரத்தில் வைத்தார். நீயே கழுவு, எனக்குக் கை வராது என்றார்.

கறை எடுப்பது அவளுக்குக் கைவந்த வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் காரமில்லாத சோப்பைக் கரைத்து, விலை உயர்ந்த புடவையைத் தொடுகிற பக்குவத்தில் மெதுவாகத் தேய்த்தாள். மாசக்கணக்காகக் காயவைத்ததெல்லாம் பழுப்புத் தண்ணீராக ஓடிற்று. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது இரக்கப்பட்டால் மறுபடி மண் சலிக்கக் கிளம்பிவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை.

சேறு போனாலும் உரித்து வைத்த திட்டுகள் போகவில்லை. அதையெல்லாம் மூடுவதற்கு அவர் மறுபடி பச்சை அடித்தார். பட்டறையில் எதைச் செய்துவிட்டு வருகிறேனோ அதையே வீட்டிலும் செய்ய வைத்துவிட்டீர்கள் என்று முனகிக்கொண்டேதான் அடித்தார். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மினுமினுவென்று, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது லாரி.

மறுபடி ஜன்னலோரம். அப்பா கையை நீட்டிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, போன தடவைக்கும் இப்போதைக்கும் இடையில் பார்வை இன்னும் கொஞ்சம் போய்விட்டது. லாரி எங்கே இருக்கிறது என்று கையைக் காற்றில் துழாவித்தான் பிடித்தார். சக்கரத்துக்கு மேலே தடவினார், சுத்தம் என்று தலையாட்டினார். கேபின் கதவில் விரல் ஏறி, கண்ணாடி இறங்குகிற விளிம்பில் நின்றது.

இந்த இடத்தில் பெயிண்ட் இருக்கக்கூடாதே என்றார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேறு கூடாது என்றாயிற்று, துரு கூடாது என்றாயிற்று, இப்போது பெயிண்டும் கூடாதா? அப்பாவோ, கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை அங்கேதான் வைத்துக்கொண்டு ஓட்டுவேன், வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பார்கள், கொஞ்ச நாளில் முழங்கை பட்டே தேய்ந்துவிடும், அந்த ஒரு இடத்தில் மட்டும் தகரம் தெரியும் என்றார்.

வீட்டுக்காரர் முகத்தில் உயிர் வந்தது. ஓடிப்போய் நைஸ் உப்புத்தாளும் பூதக்கண்ணாடி விளக்கும் கொண்டுவந்தார். கதவு விளிம்பில் அளவு பிசகாமல் கடுகளவு தேய்த்துக் கொடுத்தார். பிரமாதமாக வந்திருந்தது, அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

"எங்க?" என்றார் அப்பா.

வீட்டுக்காரர் அப்பாவின் விரலைப் பிடித்துக் காட்டினார். அப்பா லாரியை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்றார். வீட்டுக்காரர் இன்னும் ஒரு கடுகு தேய்த்தார். அப்போதும் தெரியவில்லை. அப்பா உப்புத்தாளைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்பா தேய்க்க ஆரம்பித்தார். பச்சை போயிற்று, அடியில் இருந்த துரு நிறம் வந்தது. அதுவும் போயிற்று, சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் வந்தது. விளிம்பின் கூர்மை மழுங்கிற்று. கடுகு மிளகாயிற்று, மிளகு நகத்தளவாயிற்று. இந்த அளவுக்கு நிஜ வண்டியில் பாதிக் கதவே போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். அளவு என்று மட்டும் ஆரம்பிக்கட்டும், இன்றைக்கு இந்த ஆளை வீட்டைவிட்டே துரத்திவிடுவது என்று அவள் முறைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு கையை உருவி, விளக்கை அப்பாவின் விரலுக்குக் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார்.

கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்த பிறகுதான் அப்பா நிறுத்தினார். தூசியை ஊதிவிட்டு, லாரியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ம்... இப்பத் தெரியுது" என்றார்.