ஏழு பேர் காப்பாற்றிய நகரம்

அந்த சூப்பர் ஹீரோ தொடரின் இரண்டாவது சீசன் வந்த புதிதில், அதைப் பார்க்காதவன் மனிதனே இல்லை என்று எங்கள் அலுவலகம் முடிவு செய்திருந்தது. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம். பதினோரு பேர் வேலை செய்கிறோம். அதில் ஒன்பது பேர் நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். காலையில் மெட்ரோவிலிருந்து இறங்கி, மூக்கில் கைக்குட்டையோடு நடந்து வந்து, ஏசியைப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார்கள். திறந்தால் அந்தத் தொடர்தான்.

நான் இப்போது சொல்கிறேன், அது ஊதிப் பெருக்கப்பட்ட குப்பை.

முதல் சீசன் அப்படி இல்லை. அதில் அந்த ஏழு பேரும் வாடகை வீட்டில் இருந்தார்கள், பாத்ரூமுக்குச் சண்டை போட்டார்கள், நெருப்பைக் கக்குகிறவன் இட்லிச் சட்டி மாதிரி எதையோ சுட்டுக் கருக்கிவிட்டுத் திட்டு வாங்கினான். இரண்டாவது சீசனில் பணம் வந்துவிட்டது. ஏழு பேருக்கும் தோல் சட்டை. ஏழு பேருக்கும் அப்பாவோடு பிரச்சினை. எட்டு எபிசோடில் ஐந்து எபிசோடு மழையில் நின்றுகொண்டு அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். சுவருக்குள் புகுந்து போகிற சக்தி இருக்கிற ஒருவன், ஒரு எபிசோடு முழுக்கக் கதவுக்கு வெளியே நின்று அழுகிறான். புகுந்து போயேன்டா என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். இதைத்தான் மனித மனத்தின் ஆழம் என்று எங்கள் மேலாளர் சாப்பாட்டு வேளையில் விளக்கினார், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

தமிழில் வேறு குரல் கொடுத்திருந்தார்கள். ஏழு பேரும் செய்தி வாசிப்பது போலச் சுத்தமாகப் பேசினார்கள். வில்லனின் அடியாட்கள் மட்டும் நான் பிறந்த கடலோரத் தெருவின் பேச்சைப் பேசினார்கள். எந்த நாடென்றே தெரியாத ஊரில், மஞ்சள் முடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், கையில் துப்பாக்கியோடு, "இன்னா மாமு, பேஜாரா பூட்ச்சா?" என்று கேட்டான். அலுவலகத்தில் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க எனக்குத் துப்பு இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சில் கலந்துகொள்ள எனக்கு ஆசை. ஏழு வருடமாக அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர்கள் பேசுகிற உணவகம், மலைப்பிரதேசம், பள்ளிக்கூட அட்மிஷன் எதிலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. இந்தத் தொடர் ஒன்றில்தான் எனக்கும் வாய் இருந்தது. "கடைசி எபிசோட் முடிச்சிட்டீங்களா? அழாம பார்க்க முடியாது சார்" என்று மேலாளர் வெள்ளிக்கிழமை என்னிடம் தனியாக வந்து சொன்னார். திங்கட்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

நான் அந்தத் தொடரை அக்கா வீட்டில் பார்த்துவந்தேன். காத்திவாக்கத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே அக்கா இருக்கிறாள். அத்தான் விசைப்படகில் போகிறவர், போனால் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அக்கா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்கிறவள். அவள் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். மாடியில் நிற்கிற பெண்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாத்திரத்தோடு இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனால் குழம்பு, வறுவல், பிறகு டிவி. ஏழு பேரில் காற்றைத் திருப்புகிற பெண்ணைத்தான் அவளுக்குப் பிடிக்கும். "எங்க வூட்டுக்காரு போட்டுல இவள ஏத்திவுட்டா டீசலே வாணாம்டா" என்பாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. காற்று மாறியதும் ஒருவன் கண்ணை மூடி நிற்பான், மற்றவர்கள் சுற்றி நின்று, இன்னா வாடை என்று கேட்பார்கள். மேற்கிலிருந்து வந்தால் அழுகின முட்டை, அது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. வடக்கிலிருந்து வந்தால் மூத்திரச் சந்து மாதிரி ஒரு நெடி, அது உரத் தொழிற்சாலை. அனல்மின் நிலையச் சாம்பலுக்கு வாடை கிடையாது, நாக்கில் நறநறவென்று தட்டும். தார், ரப்பர், கழிமுகத்துச் சேறு என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் என்னை ஜெயித்தவன் தெருவில் இல்லை. பெரியவர்கள்கூட மாடியில் கருவாடு காயப்போடும் முன் என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்வார்கள். கெட்ட காற்று பட்டால் கருவாட்டில் வாடை ஏறி யாரும் வாங்கமாட்டார்கள். நான் சரி என்றால் காயும், வேண்டாம் என்றால் சாக்கில் திரும்பிப் போகும். வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் என் மூக்கைக் கேட்டுத்தான் மாடிக்குப் போவாள். விஷத்தை வகை பிரிக்கத் தெரிந்ததை ஒரு திறமை என்று நினைத்து வளர்ந்த கூட்டம் நாங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்துக் கடைசி எபிசோடைப் போட்டோம். கதையில் வில்லனின் தொழிற்சாலையிலிருந்து விஷப்புகை கிளம்பி நகரத்தை நோக்கி வருகிறது. ஏழு பேரும் மொட்டை மாடியில் வரிசையாக நிற்கிறார்கள், வழக்கம்போல அப்பாவைப் பற்றி ஒரு சுற்று பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "டேய், இது இன்னா வாடைடா? மூக்குல ஊசி ஏறுற மாதிரி கீது."

எனக்கு அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அந்த வாடையை நான் வாழ்க்கையில் முகர்ந்ததில்லை. முட்டை இல்லை, தார் இல்லை, உரம் மாதிரித் தொடங்கி உரத்தைத் தாண்டி எங்கேயோ போயிற்று. தொண்டையின் அடியில் யாரோ சுண்டின மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

"மாடில கருவாடு காயுதுடா. எடுத்துகினு வந்துடட்டா?"

"எடுத்துகினு வா. ஒண்ணியும் இல்ல, வழக்கமான உர வாடதான். சீக்கிரம் வா, முடியப்போவுது."

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். என் மூக்கு தவறவில்லை, நான் பொய் சொன்னேன். எழுந்தால் வெளியே போக வேண்டும், தெருவைக் கூப்பிட வேண்டும், அக்காவை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு இருபது நிமிடம் வேண்டியிருந்தது, திங்கட்கிழமை மதியம் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேச.

அக்கா மாடிக்குப் போனாள். திரையில் ஏழு பேரில் ஒருவன் சாகத் தொடங்கினான். அவன் சாக ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டான். என் கண் எரிந்தது. கண்ணீர் வழிந்தது. அந்தக் காட்சிக்குத்தான் அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைவிடக் கேவலமான ஒரு நினைப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரியின் கத்தல் கேட்டது. "உங்க அக்கா மாடில வுழுந்து கெடக்குதுடா! வாடா மேல!"

மேலே போனபோது அக்கா கருவாட்டுச் சாக்கைக் கட்டிப்பிடித்தபடி குப்புறக் கிடந்தாள். தெருவே ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரியும் நானும் தூக்கி இறக்கி, ஒரு மீன் ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே எங்கள் தெருக்காரர்கள் இருபது முப்பது பேர் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். இரவு உடை மாற்றும்போது பார்த்தேன், என் சட்டைப் பையில் டிவி ரிமோட் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, காற்று மாறி எல்லாம் கலைந்த பிறகு, காற்றை அளக்கிற இயந்திரத்தோடு அரசாங்க ஆட்கள் வந்தார்கள். அளந்தார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டோம்.

அதே இரண்டாம் நாள், அக்கா உள்ளே ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருக்க, நான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த பத்து நிமிடத்தை என் போனில் பார்த்து முடித்தேன். ஆமாம், பார்த்தேன். காற்றைத் திருப்புகிற பெண் இரண்டு கைகளையும் விரிக்கிறாள். அந்தப் புகை முழுவதும் அப்படியே சுருண்டு, உயரமான கட்டடங்களைத் தாண்டி, கடல் பக்கமாகப் போகிறது. நகரம் கைதட்டுகிறது. குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கடற்கரையை ஒரு விநாடிகூடக் காட்டவில்லை. எழுதினவனுக்குக் கடல் பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்ற எண்ணமே வந்திருக்காது. எங்கள் நகரத்தை நடத்துகிறவர்களுக்கும் வந்ததில்லை. விஷத்தைக் கடல் பக்கம் தள்ள என்ன பெரிய சூப்பர் சக்தி வேண்டிக்கிடக்கிறது, ஒரு குழாயும் ஒரு கையெழுத்தும் போதுமே.

புதன்கிழமை அலுவலகம் போனேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அடடா என்றார்கள். எவ்வளவு நேரம் அடடா என்று சொல்லலாமோ அவ்வளவு நேரம் சொன்னார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் மேலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கடைசி எபிசோட்?"

"பார்த்துட்டேன் சார்."

"அழுதீங்களா இல்லையா?"

"கண்ணெல்லாம் எரிஞ்சுது சார்."

"நான் சொன்னேன்ல!" என்று என் தோளைத் தட்டினார். ஏழு வருடத்தில் முதல்முறையாக. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அக்கா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் போய்விட்டது. பேசினால் காகிதம் கசக்குகிற சத்தம், அதுவும் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். கூவ முடியாது. காய்கறி வண்டிகளில் வைப்பது மாதிரி ஒரு சின்ன ஒலிபெருக்கியை வாங்கிக் கொடுத்தேன். நான் என் குரலில் பதிந்து தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரியைப் பேசவைத்துப் பதிந்துகொண்டாள். மாடியிலிருந்து இறங்குகிற பெண்கள் பாதியாகக் குறைந்துபோனார்கள். வேறு யாரோ வருகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

அதன் பிறகு தெருவில் யாரும் என்னை வாடை கேட்பதில்லை. உன் மூக்குக்கு வயசாயிடுச்சு என்று கிண்டல் செய்தார்கள். நானும் தலையைச் சொறிந்துகொண்டு ஆமாம் என்றேன். அக்காவும் அப்படித்தான் நம்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் நான் அவள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டால் எனக்கு அக்கா என்று ஒருத்தி கிடையாது, அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அவளைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, அக்கா டிவியைக் காட்டினாள். "அன்னிக்கு பாதில... போச்சே. முடிவ போடு... பாக்கணும்."

"அது வேணாம்க்கா. மட்டமான படம்."

"போடுடா."

போட்டேன். அவன் ஆறு நிமிடம் செத்தான். அந்தப் பெண் கைகளை விரித்தாள். புகை கடல் பக்கம் போயிற்று, நகரம் கைதட்டியது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொடங்கிவிட்டேன். இது எப்படி மட்டம், முதல் சீசன் எங்கே இது எங்கே, ஏன் எங்கள் பேச்சு அடியாள் வாயில் மட்டும் வருகிறது, கடல் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று இந்த நாய்களுக்குத் தெரியுமா என்று கால் மணி நேரம் பேசியிருப்பேன். நியாயமான கோபம். ஒரு வார்த்தையைக்கூட இன்றைக்கும் வாபஸ் வாங்கமாட்டேன்.

அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவளுக்கு... கடல் பக்கம் யாரு கீறான்னு... தெரியாதுடா. உனுக்கு... மாடிக்கு யாரு போறான்னு... தெரியும் இல்ல?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"துண்ட எடுத்து... மூக்க பொத்திக்கினு தானடா... ஒண்ணியும் இல்ல, போன்னு சொன்ன. நான் பாத்தேன். தம்பி சொல்றானேன்னு... போனேன்."

துண்டை நான் மறக்கவில்லை. இங்கேயும் எழுதாமல்தான் விட்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. திரையில் தொடருக்கு வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அக்கா இருமத் தொடங்கினாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.